காவலில் இருந்தவர் கொல்லப்பட்டால் யார் பொறுப்பு? ஐடா பி. வெல்ஸ் எழுப்பிய கேள்வி

அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய 25 சென்ட் நாணயம் வெளியானது. அதன் ஒரு பக்கத்தில் வழக்கம்போல் ஜார்ஜ் வாஷிங்டன். மறுபக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணி, ஐடா பி. வெல்ஸ். வாஷிங்டன் தன் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தவர். வெல்ஸ் அடிமையாகவே பிறந்தவர். இருவரும் ஒரே நாணயத்தில் இடம்பெறுவது அந்த நாட்டுக்குப் பெருமைதான். நாம் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. 2020 பிப்ரவரி 23 அன்று அஹ்மாட் ஆர்பெரி என்ற 25 வயது கறுப்பின இளைஞர் ஒரு குடியிருப்புப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளையர்கள் இரண்டு வண்டிகளில் அவரைத் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். (பெயரைப் பார்த்து முஸ்லிம் என்று பலர் நினைத்தார்கள். அவர் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளை.) கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. 2025இல் முடிந்தது அந்த வழக்கு அல்ல. மூவரில் ஒருவர், அப்பகுதி அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில் முன்பு புலனாய்வாளராக வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தால் பெண் அரசு வழக்கறிஞர் தன் பதவியைப் பயன்படுத்திக் கொலையாளிகளைக் காப்பாற்றப் பார்த்தார் என்று அவர்மீதே ஒரு வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஜூரிகள் தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வருவதற்கு முன்பே நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

கொன்றவர்கள் யார் என்பதற்கு விடை கிடைத்தது. இரண்டு மாதங்களுக்கும் மேலாக அவர்களைக் கைது செய்யாமல் வெளியே நடமாடவிட்டதற்கு யார் பொறுப்பு என்பதற்கு விடை கிடைக்கவில்லை. நாணயத்தில் இருக்கும் அந்தப் பெண்மணி நாற்பது ஆண்டுகளாக எழுதியும் பேசியும் அலைந்தும் கேட்டுக்கொண்டிருந்தது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். அவரை வீரப் பெண்மணி என்று எல்லோரும் போற்றுகிறார்கள். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அவ்வளவு மரியாதை இல்லை என்பது நம் கருத்து.

ஐடா 1862 ஜூலை 16 அன்று மிஸிஸிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். தந்தை தச்சர், தாய் சமையல் வேலை செய்தவர். அடிமைமுறை ஒழிந்த பின் ஐடா பள்ளிக்கூடம் போனார். 1878இல் மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. தாயும் தந்தையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் அதில் இறந்துபோனார்கள். ஐடாவுக்கு அப்போது வயது 16. மிஞ்சிய தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசியபோது, முடியாது என்று மறுத்து, ஆசிரியை வேலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தினார்.

பின்னர் மெம்பிஸ் நகரம். அங்கே ரயிலில் பெண்களுக்கான பெட்டியிலிருந்து நடத்துநர் அவரை இழுத்து வெளியேற்ற முயன்றார். ஐடா நடத்துநரின் கையைக் கடித்தார். ரயில் கம்பெனிமீது வழக்கும் போட்டார். 1884இல் 500 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. 1887இல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செலவுத்தொகையையும் ஐடாவே கட்டும்படி ஆனது. நீதிமன்றத்தில் தோற்றவர் பேனாவைக் கையில் எடுத்தார். கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளில் ‘அயோலா’ என்ற பெயரில் எழுதினார். 1889இல் மெம்பிஸில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையின் பங்குதாரரானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு மோசமாக நடத்தப்படுகின்றன என்று எழுதியதால் 1891இல் ஆசிரியை வேலை போனது. அதன் பிறகு பத்திரிகையே முழுநேர வேலை.

இதுவரை சொன்னது துணிச்சலான ஒரு பெண்ணின் கதை. அவருடைய எழுத்தின் திசையையே மாற்றியது 1892 மார்ச் மாதம்.

மெம்பிஸின் ஓரத்தில் கறுப்பினத்தவர் சிலர் பங்கு சேர்ந்து ‘பீப்பிள்ஸ் குரோசரி’ என்ற மளிகைக் கடை நடத்தினார்கள். அதன் முக்கியப் பங்குதாரர் தாமஸ் மாஸ். பகலில் தபால்காரர், மாலையில் கடைக்காரர். ஐடாவுக்கு நெருங்கிய நண்பர். அவருடைய மகளுக்கு ஐடாதான் ஞானத்தாய். அதே பகுதியில் பாரெட் என்ற வெள்ளையர் ஏற்கெனவே ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். புதுக்கடை வந்ததும் அவருடைய வியாபாரம் சரிந்தது. கோலி விளையாட்டில் பிள்ளைகளுக்குள் வந்த சண்டை பெரியவர்கள் சண்டையாக மாறியது. அதைச் சாக்காக வைத்து ஒரு சனிக்கிழமை இரவு ஆயுதம் ஏந்தியவர்கள் கடையின் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். அவர்கள் சாதாரண உடையில் வந்த ஷெரீஃபின் ஆட்கள் என்று கடையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. சுட்டார்கள். வந்தவர்களில் மூன்று பேர் காயமடைந்தனர். உடனே கறுப்பினத்தவர் பலர் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

மார்ச் 9 அதிகாலையில் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று சிறைக்குள் வந்தது. தாமஸ் மாஸ், கால்வின் மெக்டோவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரையும் வெளியே இழுத்துச் சென்று, ஊருக்கு வடக்கே ரயில் பாதை அருகே சுட்டுக் கொன்றது. யார் எப்படி விழுந்தார், கடைசியாக என்ன சொன்னார் என்பதெல்லாம் அன்றைய பத்திரிகையிலேயே விவரமாக அச்சானது. தன் மக்கள் மேற்கே போய்விட வேண்டும், இந்த ஊரில் அவர்களுக்கு நீதி இல்லை என்பதுதான் மாஸின் கடைசிப் பேச்சு என்று அந்தச் செய்தி சொன்னது. இவ்வளவு தெரிந்த பத்திரிகைக்கும் கொலையாளிகள் யார் என்று மட்டும் ‘தெரியவில்லை’. கடை சூறையாடப்பட்டது. மிச்சமிருந்த சரக்கு ஏலத்துக்கு வந்தபோது அதைக் குறைந்த விலைக்கு எடுத்தவர் வேறு யாருமல்ல, அதே பாரெட்.

லிஞ்சிங் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவதை நம் செய்தித்தாள்கள் ‘கும்பல் கொலை’ என்று எழுதுகின்றன. கும்பல் என்றதும் முகம் தெரியாத கூட்டம், ஒரு நிமிட ஆத்திரம் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் பல சமயம் அப்படி இல்லை. முன்கூட்டியே இடம் அறிவித்தார்கள். குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். புகைப்படம் எடுத்து அஞ்சல் அட்டையாக விற்றார்கள். அந்தப் படங்களில் சுற்றி நிற்பவர்களின் முகங்கள் தெளிவாகத் தெரியும். ஆனாலும் மரண விசாரணை அறிக்கை ‘அடையாளம் தெரியாத நபர்களின் கையால்’ என்றே முடியும். 1877 முதல் 1950 வரை இப்படிக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 4,400 பேருக்கும் மேல் என்று அலபாமாவின் மான்ட்கோமெரி நகரில் இயங்கும் சமநீதி முனைப்பு அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது. 2018இல் அதே நகரில் அவர்களுக்கு ஒரு நினைவிடமும் கட்டியது.

மாஸ் கொல்லப்பட்ட பிறகு ஐடா செய்த முதல் காரியம், ‘இந்த ஊரை விட்டுப் போய்விடுங்கள்’ என்று எழுதியது. ஆயிரக்கணக்கானவர்கள் மெம்பிஸை விட்டுக் கிளம்பினார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் ஐடாவின் அலுவலகத்துக்கே வந்து, கறுப்பினத்தவர் ஏன் ஏறுவதில்லை, புதிதாக வந்த மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்களா என்று கேட்டார்களாம்! கொலைக்கும் எங்கள் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, முதலாளிகள் வடக்கே இருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நடத்துகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே என்றார் ஐடா. அந்த உரையாடலை அப்படியே தன் பத்திரிகையில் போட்டுவிட்டார்.

இரண்டாவது காரியம்தான் நமக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கறுப்பினத்தவர் கொல்லப்படுவதற்கு அன்று சொல்லப்பட்ட காரணம், அவர்கள் வெள்ளைப் பெண்களை மானபங்கப்படுத்துகிறார்கள் என்பது. படித்தவர்கள், மதகுருமார்கள், வடக்கே இருந்த நல்லவர்கள் எல்லோரும் இதை நம்பினார்கள். கொலை தவறுதான், ஆனால் அவர்களும் அப்படிச் செய்யக் கூடாதல்லவா என்று பேசினார்கள். ஐடாவே அதுவரை அரைகுறையாக அப்படித்தான் நினைத்திருந்தார். அதை அவர் பிற்பாடு ஒளிக்காமல் எழுதுகிறார். தாமஸ் மாஸ் எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை. அவர் செய்த குற்றம் நியாயமான விலைக்கு அரிசி பருப்பு விற்றது. அப்படியானால் மற்றவர்கள்? இந்தச் சந்தேகம் வந்ததும் கொலைகளை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார்.

மிஸிஸிப்பியின் டியூனிகா பகுதியில் ஷெரீஃபின் ஏழு வயது மகளைக் கெடுத்த முரடன் கொல்லப்பட்டான் என்று செய்தி வந்தது. ஐடா நேரில் போனார். அந்தப் பெண் 17 வயதைத் தாண்டியவர். அந்த வீட்டில் வேலை செய்த இளைஞரின் குடிசைக்குத் தானாகவே போய்வந்தவர். தந்தை அங்கே மகளைக் கண்டுபிடித்ததும், குடும்ப மானத்தைக் காக்கக் கும்பலைத் திரட்டினார். செய்தியை எழுதியவர் வயதை மட்டும் மாற்றினார். அது போதும், படிக்கிறவர்கள் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எண்ணிக்கையிலும் ஐடா ஒரு சாமர்த்தியம் செய்தார். கறுப்பினத்தவர் தரும் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே, ‘சிக்காகோ டிரிப்யூன்’ என்ற வெள்ளையர் பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் பெண்ணைக் கெடுத்ததாகக் குற்றச்சாட்டே இருந்தது. குற்றச்சாட்டு மட்டும்தான், நிரூபணம் அல்ல. மற்றவர்கள் திருட்டு, வாய்ச்சண்டை, கடன் தகராறு, மரியாதைக் குறைவு என்ற காரணங்களுக்காகக் கொல்லப்பட்டவர்கள். சிலருக்கு எந்தக் காரணமுமே எழுதப்படவில்லை. 1895இல் அவர் வெளியிட்ட ‘தி ரெட் ரிக்கார்ட்’ நூலில் பெயர், தேதி, ஊர், குற்றச்சாட்டு என்று வரிசையாக இருக்கும். படிக்க வறண்ட பட்டியல்போல்தான் தோன்றும். ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட எதிரிகளால் மறுக்க முடியவில்லை. அவர்களுடைய பத்திரிகையே சொன்ன கணக்கு அது.

1892 மே 21 அன்று ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழில் பெயர் போடாத ஒரு தலையங்கம் வந்தது. மானபங்கக் கதை நைந்துபோன பொய், அதை இனி யாரும் நம்பவில்லை என்பது அதன் சாரம். எழுதியவர் ஆண் என்று நினைத்துக்கொண்டு, அவனைக் கட்டிவைத்துச் சூடு போட வேண்டும் என்று ஒரு வெள்ளையர் பத்திரிகை எழுதியது. சில நாள்களில் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. பங்குதாரர் தப்பி ஓடினார். ஐடா அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்தால் கொல்லப்படுவாய் என்று செய்தி வந்தது. நியூயார்க்கிலேயே தங்கி, அங்கே ‘நியூயார்க் ஏஜ்’ பத்திரிகையில் இன்னும் விரிவாக எழுதினார். அந்த இதழ் 10,000 பிரதிகள் அச்சானது. மெம்பிஸ் தெருக்களில் மட்டும் 1,000 பிரதிகள் விற்றன.

உள்நாட்டில் வெள்ளையர் பத்திரிகைகள் இடம் தரவில்லை. 1893லும் 1894லும் இங்கிலாந்துக்குப் போனார். மெம்பிஸின் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வாங்குகிறவன் முகம் சுளித்தால் விற்கிறவன் யோசிப்பான் என்பது அவருடைய கணக்கு. அவரை அழைத்தவர்களில் ஒருவர் காத்தரின் இம்பி. இந்த ஆங்கிலேயப் பெண்மணி 1888 முதல் நடத்திய சிற்றிதழின் பெயர் ‘ஆன்ட்டி காஸ்ட்’, அதாவது சாதி எதிர்ப்பு. அமெரிக்க நிறவெறியைச் சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் சாதி என்பதைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னொரு அழைப்பாளரான ஸ்காட்லாந்து எழுத்தாளர் இசபெல்லா மேயோவின் வீட்டில் இலங்கை இளைஞர் ஒருவர் தங்கியிருந்தார். இம்பி அவருக்குக் காதல் கடிதம் எழுதிவிட்டார் என்று தெரிந்ததும் மேயோ கொதித்துப்போய் இம்பியோடு உறவை முறித்தார். ஐடாவும் இம்பியைக் கைவிட வேண்டும் என்றார். ஐடா மறுத்ததால் மேயோவின் நட்பை இழந்தார். நிறவெறியை மேடையில் எதிர்ப்பது ஒன்று, வீட்டுக்குள் எதிர்ப்பது வேறொன்று.

அந்தப் பயணத்தின் விளைவாக லண்டனில் ஒரு கண்டனக் குழு அமைந்தது. 1894இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஐடாவை அவதூறு பரப்புகிறவர், கீழ்த்தரமான எண்ணம் கொண்டவர் என்று ஏசி எழுதியது. 124 ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச்சில், விடுபட்டவர்களுக்கான இரங்கல் வரிசையில் அதே பத்திரிகை அவரைப் போற்றி எழுதியது. மெம்பிஸில் மாற்றம் அதைவிடச் சீக்கிரம் தெரிந்தது. 1894இல் அந்நகருக்கு அருகே ஆறு கறுப்பினத்தவர் காவலில் கொண்டுபோகப்படும்போது கொல்லப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொலையை நியாயப்படுத்திய ஊர்ப் பத்திரிகைகளும் வியாபாரிகளும் இந்த முறை கண்டித்தார்கள். வழக்கும் போடப்பட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

1895இல் சிக்காகோ வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டைத் திருமணம் செய்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. 1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற தொழிலாளி, அட்லாண்டாவிலிருந்து தனி ரயிலில் வந்த கூட்டத்தின் முன்னிலையில் உயிரோடு எரிக்கப்பட்டார். முதலாளியைக் கொன்று அவர் மனைவியைக் கெடுத்தார் என்று பத்திரிகைகள் எழுதின. ஐடாவும் சிக்காகோ நண்பர்களும் பணம் திரட்டி ஒரு வெள்ளையர் துப்பறிவாளரை அங்கே அனுப்பினார்கள். கறுப்பினத்தவர் போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் அல்லவா? கூலித் தகராறில் முதலாளி துப்பாக்கியை எடுத்ததும் தற்காப்புக்காக ஹோஸ் கோடரியை வீசினார், பெண்ணைத் தொட்டதாகச் சொன்னது பின்னால் ஒட்டவைத்த கதை என்று அவர் அறிக்கை கொடுத்தார். ஐடா அதை அச்சிட்டு வெளியிட்டார்.

இனி நாம் தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம்.

1909 நவம்பரில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள கெய்ரோ என்ற ஊரில் (எகிப்தின் தலைநகரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்) வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு ஷெரீஃபின் காவலில் இருந்தார். கும்பல் அவரைப் பிடுங்கிச் சென்று நடுத்தெருவில் தூக்கிலிட்டுச் சுட்டு எரித்தது. இல்லினாய்ஸில் 1905 முதல் ஒரு சட்டம் இருந்தது. காவலில் இருந்தவர் கும்பலால் கொல்லப்பட்டால், ஷெரீஃப் தன் கடமையைச் செய்யவில்லை என்பதற்கு அந்தக் கொலையே சான்று. அவர் பதவியை இழப்பார். தன்னால் முடிந்ததைச் செய்தேன் என்று ஆளுநரிடம் நிரூபித்தால் மட்டுமே திரும்ப வரலாம். நிரூபிக்கும் சுமை இறந்தவரின் குடும்பத்தின்மேல் இல்லை, அதிகாரியின்மேல். சட்டம் படித்த நம் வாசகர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

ஷெரீஃப் பதவியை இழந்தார். திரும்பக் கேட்டு மனுப் போட்டார். பெரிய பெரிய ஆள்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. கறுப்பினத்தவர் சிலரைத் துணைக் காவலர்களாக வேலைக்கு வைத்திருந்ததால் உள்ளூர்க் கறுப்பினத்தவரே அவருக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். எதிர்த்துப் பேச யாரும் இல்லை. நீ போய் விவரம் திரட்டு என்றார் கணவர். ஐடாவுக்கு மனமில்லை. ஆண்களின் வேலையில் இந்த அம்மா ஏன் தலையிடுகிறார் என்று தன் சமூகத்தவரே அவரைப் பலமுறை குறை சொல்லியிருந்தார்கள். இந்த முறை அவர்களே போகட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பதின்மூன்று வயது மூத்த மகன் வந்து எழுப்பி, நீங்கள் போகாவிட்டால் வேறு யாருமே போக மாட்டார்கள் அம்மா என்றான். மறுநாள் கிளம்பினார்.

கெய்ரோவில் ஒரு கூட்டம் போட்டு, நடந்ததை விசாரித்தார். ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களிடம், உங்களில் ஒருவரைக் காவலில் வைத்துக் காப்பாற்றாதவருக்கு வேலையை மீட்டுக் கொடுத்தால் அடுத்த முறை யார் காப்பாற்றுவார் என்று எடுத்துச் சொன்னார். மனம் மாறியவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனார். அங்கே ஷெரீஃப் பக்கம் வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் நிறைந்திருந்தார்கள். இந்தப் பக்கம் முதலில் இவர் ஒருவர்தான். பின்னர் உள்ளூர்க் கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் துணைக்கு வந்தார். கணவர் தயாரித்துக் கொடுத்த குறிப்பையும் தான் திரட்டிய விவரத்தையும் வைத்து வாதாடினார். ஆளுநர் சார்லஸ் டெனீன் ஷெரீஃபைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, 1910 பிப்ரவரியில், அதே கெய்ரோவில் இன்னொரு கைதியைப் பிடுங்கக் கும்பல் வந்தது. புது ஷெரீஃப் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய ஆட்கள் சுட்டார்கள். கும்பலில் ஒருவர் இறந்தார், மற்றவர்கள் கலைந்தார்கள். கைதி உயிர் பிழைத்தார். ஊர் அதே ஊர், வெறி அதே வெறி. பதவி போகும் என்பது மட்டுமே புதிது.

அரசாங்கமே கொல்லும்போது? அதையும் ஐடா விடவில்லை. 1917இல் ஹூஸ்டனில் நடந்த கலவரத்துக்காகக் கறுப்பினப் படைவீரர் 13 பேர், மேல்முறையீட்டுக்கு வாய்ப்பே தராமல், ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் நினைவாக ஐடா சட்டையில் குத்தும் பொத்தான்கள் செய்து விநியோகித்தார். உளவுத்துறையினர் வந்து, தேசத்துரோகம் என்று மிரட்டினார்கள். பொத்தானைக் கழற்ற மாட்டேன் என்றார். அமெரிக்க ராணுவம் 2023 நவம்பரில் அந்த வழக்குகளில் 110 பேருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளை ரத்து செய்தது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. 106 ஆண்டுகள்.

1919இல் அர்க்கன்சாஸின் எலெய்ன் பகுதியில் பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் சேர்ந்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். உயிரோடு இருந்தவர்களில் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் தெற்கே கால் வைக்காத ஐடா, கைதி ஒருவரின் உறவினர்போல வேடமிட்டுச் சிறைக்குள் போனார். அவர்கள் பாடல்களும் பிரார்த்தனையும் செய்தார்கள். எல்லாம் மரணத்தையும் மறுமையையும் பற்றியவை. கேட்டுக்கொண்டிருந்த ஐடா, சாவதைப் பற்றிப் பாடியது போதும், விடுதலையாகி உயிரோடு வெளியே வருவதற்குப் பிரார்த்தியுங்கள், இறைவன் அதற்கும் வல்லவன் அல்லவா என்றாராம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியைச் சிறு வயது முதல் கேட்டுவரும் நமக்கு இந்த அறிவுரை அந்நியமாகப் படாது. வெளியே வந்து அவர்களுடைய வாக்குமூலங்களையும், பறிக்கப்பட்ட பருத்தி, கால்நடை, நிலத்தின் கணக்கையும் ஒரு நூலாக வெளியிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 12 பேரும் கடைசியில் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவர் சிக்காகோவுக்கு வந்து ஐடாவின் வீட்டைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னார்.

1931 மார்ச் 25 அன்று ஐடா காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த வாழ்க்கை வரலாறு முடிவுறாமல் நின்றது. மகள் அதை 1970இல்தான் வெளியிட முடிந்தது. இன்று அவர் பெயரில் சிக்காகோவில் சாலை இருக்கிறது, நினைவுச் சின்னம் இருக்கிறது, அவரை விரட்டிய மெம்பிஸில் சிலை இருக்கிறது. 2020 மே 4 அன்று புலிட்சர் விருதுக் குழு அவருக்குச் சிறப்பு விருது அறிவித்தது. மறுநாள், மே 5 அன்று, ஆர்பெரி கொல்லப்படும் காட்சி இணையத்தில் வெளியானது. அதன் பிறகே கைது நடந்தது. மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட். அவர் உடல்நலக் கோளாறால் இறந்தார் என்பதுபோலத்தான் காவல்துறையின் முதல் அறிக்கை இருந்தது. டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் எடுத்த காணொளிதான் உண்மையைக் காட்டியது. அடுத்த ஆண்டு அவருக்கும் அதே புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. அதிகாரியின் அறிக்கையை அப்படியே அச்சிடாமல் போய்ப் பார்க்கும் வேலையை, பத்திரிகைகளுக்குப் பதிலாக, கடைக்குப் போன ஒரு பள்ளி மாணவி செய்திருக்கிறார்.

2025 மார்ச் 27 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். தேசிய அருங்காட்சியகங்கள் அமெரிக்க வரலாற்றைப் பிளவுபடுத்தும் விதமாகக் காட்டுகின்றன, அதை நிறுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் பெயரும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நாணயத்தில் முகத்தைப் பொறித்த அதே அரசாங்கம்தான் இதையும் செய்கிறது. முகம் யாருக்கும் தொந்தரவு தராது. அவர் எழுதிய பட்டியல் தரும்.

சட்டத்தில் என்ன நிலைமை? கும்பல் கொலையைத் தேசியக் குற்றமாக்க 1900 முதல் ஏறத்தாழ 200 முறை முயற்சி நடந்தது. அவற்றில் முக்கியமானது, 1922 ஜனவரியில் கீழவையில் நிறைவேறி, தெற்கு மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே மேலவையில் சாகடித்த டையர் மசோதா. நூறாண்டு கழித்து 2022 மார்ச் 29 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டதில், எம்மெட் டில் என்ற சிறுவனின் பெயரில் சட்டம் வந்தது. கையெழுத்து விழாவில் ஐடாவின் கொள்ளுப் பேத்தி மிஷெல் டஸ்டர் பேசினார். நல்ல சட்டம்தான். வெறுப்பினால் கூடிச் சதி செய்து கொன்றால் 30 ஆண்டு வரை சிறை. அதிகாரிகளைத் தண்டிக்க வேறு பழைய சட்டமும் உண்டு. ஃபிளாய்டின் கழுத்தை அழுத்தியபோது தடுக்காமல் நின்ற காவலர்கள் அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வேண்டுமென்றே செய்தார் என்று அதிகாரிக்கு எதிராக அரசுதான் நிரூபிக்க வேண்டும். இல்லினாய்ஸ் சட்டம்போலச் சுமை அதிகாரியின் பக்கம் இல்லை.

டையர் மசோதாவில் இரண்டு பிரிவுகள் இருந்தன. காவலில் இருந்தவரைக் காப்பாற்றத் தவறிய அதிகாரிக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. கொலை நடந்த மாவட்ட நிர்வாகம் இறந்தவரின் குடும்பத்துக்கு 10,000 டாலர் கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த இரண்டும் இல்லை.